கடற்கரைக்குக் கொண்டுபோன சாண்ட்விச்

அந்த வீட்டில் நான் எதைச் சமைத்தாலும் எனக்கு முன்பே அங்கே ஒரு ருசி இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாம்பாரை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததும் என் கணவர் கொஞ்சம் நிதானிப்பார். பிறகு பேசாமல் சாப்பிடுவார். அவருடைய மகள் நிதானிக்கக்கூட மாட்டாள். குழம்புச் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தயிரையும் அப்பளத்தையும் வைத்து முடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

நான் அவருக்கு இரண்டாம் தாரம். முப்பத்து நான்கு வயது வரை கோவில்பட்டியில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தேன். கல்லாவில் உட்காருவேன், கூட்டம் அதிகமானால் உள்ளே போய் பிரெட் வெட்டுவேன், பப்ஸ் கட்டிக் கொடுப்பேன். அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் பிள்ளைகள் பெரியவர்களாகிக்கொண்டிருந்தார்கள், வீட்டில் எனக்கென்று இருந்த அறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தமானில் ரங்கத்தில் சர்க்கார் உத்தியோகம், ஜூனியர் இன்ஜினியர், மனைவி இறந்து இரண்டு வருஷம், ஒரு பெண் குழந்தை என்று வரன் வந்தபோது நான் அதிகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது.

கல்யாணம் முடிந்ததும் அவர் முன்னால் போய்விட்டார், நான் பின்னால் கிளம்பினேன். சென்னையிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர், அங்கிருந்து காட்டுவழியே பஸ்ஸில் ரங்கத். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மழை. கணவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் மகள் நின்றாள். பதினோரு வயது. இரட்டைச் சடை. என் பையை வாங்கிக்கொள் என்று அவர் சொன்னதும் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளைப் பெற்றவள் இறந்த பிறகு அந்த இரண்டு வருஷமும் அவள் லாங் ஐலண்டில் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தாள். இறந்தவளின் உடன்பிறந்த அக்கா அவர். பிள்ளைகள் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் வனத்துறையில் வேலை. அவர்கள் இருவருக்கும் அந்தப் பெண்தான் எல்லாம். நான் வருகிறேன் என்று முடிவானதும் என் கணவர் போய் அவளை அழைத்து வந்துவிட்டார். ஒரு குடும்பம் என்றால் குழந்தையும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை.

நான் வந்த மறுமாதம் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். எரட்டா ஜெட்டியில் போட்டை விட்டு இறங்கி, ஜீப் பிடித்து, கையில் ஒரு பை தேங்காயோடு வந்தார். என்னைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு நேராக அடுக்களைக்குப் போனார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். நான் இடம் மாற்றி வைத்திருந்த உப்பு ஜாடியைத் தேடி எடுத்து, முன்பு இருந்த அலமாரித் தட்டிலேயே வைத்தார். என்னைக் குத்திக்காட்டச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கை அங்கே பழகியிருந்தது. அன்று முழுக்க அவர்தான் சமைத்தார். மகள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அடுக்களையில் நின்றாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நான் கூடத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த போட்டோவில் இருந்தவளும் நானும் மட்டும்தான் அந்தக் கூடத்தில்.

அதனால்தான் சில மாதம் கழித்து, அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று கணவர் சொன்னபோது, "வீட்டுல வேணாமே, எல்லாருமா பீச்சுக்குப் போவோம்" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். "பிக்னிக்கா? நீ கேக்குறியா?"

"ஆமா. எனக்கும் இங்க ஒண்ணும் பார்த்த மாதிரி இல்ல."

இந்தத் தீவுகளில் பிக்னிக் என்றால் அண்டா, அடுப்பு, கோழி எல்லாம் கடற்கரைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆம்குஞ்ச் பக்கம் போனால் மரத்தடிக்கு ஒரு அடுப்பு எரியும். கறி வேகும்வரை பெரியவர்கள் சீட்டு ஆடுவார்கள், பிள்ளைகள் தண்ணீரில் கிடப்பார்கள். எங்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. காலைப் போட்டில் வருகிறவர்கள் மத்தியானப் போட்டைப் பிடித்துத் திரும்ப வேண்டும். "சமைச்சிட்டு இருந்தா பேசவே முடியாது. நான் சாண்ட்விச் பண்ணிக் கொண்டாரேன்" என்று சொன்னேன். அவரிடம் சொன்ன காரணம் அது. சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் யாரும் சாண்ட்விச் செய்ததில்லை. டோஸ்டர் இல்லை, அதற்கான கத்தி இல்லை, அதன் ருசி யார் நாக்கிலும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லாத ஒன்றை ஒரே ஒரு தடவை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பேக்கரியில் வேலை பார்த்தவளுக்கு அதுதானே கைவசம் இருப்பது.

பிரெட்தான் முதல் கவலை. போர்ட் பிளேரிலிருந்து பாக்கெட்டில் வருவது பல நாள் பூசணம் பிடித்தே வந்து சேரும். இங்கே காற்றில் அவ்வளவு ஈரம். பஜாரில் ஒரு சின்ன பேக்கரி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் போட்டதும் வெட்டாமல் முழுசாகக் கொடுங்கள் என்று அங்கே சொல்லிவைத்து, கணவரை விட்டு வாங்கிவரச் சொன்னேன். சூடு முழுக்க ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் கத்தியோடு சுருண்டு வரும்.

வெளியே கொண்டுபோகிற சாண்ட்விச்சுக்கு மயோனைஸ் ஆகாது, வெயிலில் கெட்டுவிடும். தக்காளியை விதை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி உப்புப் போட்டு வைத்து, விட்ட தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். மூன்று வகை என்று தீர்மானித்தேன். அக்காவின் வீட்டுக்காரருக்கு மீன் இல்லாமல் ஆகாது என்று கேள்விப்பட்டிருந்ததால் சூரை மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, முள் இல்லாமல் உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்தேன். அடுத்தது தேங்காயும் கொத்தமல்லியும் தண்ணீர் விடாமல் அரைத்த சட்னி தடவி, மேலே வெள்ளரிக்காய். காரம் வேண்டாதவர்களுக்கு முட்டையை அவித்து மசித்து வெண்ணெயும் மிளகும் போட்டது.

நான் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு ரெண்டு பக்கமும் பட்டர் தடவுறீங்க?" என்று கேட்டாள். அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"பட்டர் தடவினா உள்ள இருக்கிற ஈரம் பிரெட்டுல இறங்காது. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சொதசொதன்னு ஆகாம இருக்கும்."

"நான் தடவட்டுமா?"

கத்தியைக் கொடுத்தேன். நன்றாகத்தான் தடவினாள். மூலை வரைக்கும் விட்டுவிடாமல் தடவினாள். நான் அடுக்கி வைத்து நாலு ஓரத்தையும் நீக்கினேன். ஓரம் நீக்கினால்தான் பார்க்க நன்றாக இருக்கும், பேக்கரியில் கலியாண ஆர்டருக்கு அப்படித்தான் கொடுப்போம். அவள் நீக்கிய ஓரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சர்க்கரையில் தொட்டுத் தின்றாள். நான் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "சாப்பிடு, அது உனக்குத்தான்" என்றேன். மறுபடி ஒன்றை எடுத்தாள். எல்லாவற்றையும் வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போட்டு, பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கினோம். நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோஷமாக இருந்தேன். ஏதோ ஒன்று நடக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையே வானம் இருண்டு கிடந்தது. கணவர் ஜெட்டிக்குப் போய் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார், நானும் மகளும் வழியில் ஏறிக்கொண்டோம். மகள் பின்னால் போய்ப் பெரியம்மாவின் மடியில் பாதி உட்கார்ந்தாள். அக்காவின் காலடியில் துணியால் இறுக்கிக் கட்டிய ஒரு தூக்குச்சட்டி இருந்தது. வாசனையிலேயே தெரிந்தது, நண்டுக் குழம்பு.

"புள்ளைக்குப் புடிக்கும்னு கொண்டாந்தேன். சோறும் வடிச்சு எடுத்தாந்திருக்கேன்" என்றார் அக்கா என்னிடம். "நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சிருப்பீங்க. அது பாட்டுக்கு அது இருக்கட்டும்."

"அதனால என்ன அக்கா" என்றேன்.

ஆம்குஞ்சில் மணல் கருத்து ஈரமாக இருந்தது. கடல் சாம்பல் நிறம். மரப்பலகை பெஞ்சு ஒன்றுக்குப் பக்கத்தில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம் அடுப்பு மூட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. விறகு ஈரம், புகை எங்கள் பக்கமாகவே வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் கலகலப்பான ஆள். "தங்கச்சி, டப்பாவைத் திறங்க, பசிக்குது" என்றார். முதல் நாளிலிருந்தே அவர் மட்டும்தான் என்னை உறவு சொல்லிக் கூப்பிடுகிறவர். மீன் சாண்ட்விச்சை எடுத்து ஒரே கடியில் பாதியை உள்ளே தள்ளினார். "சகல, இதைச் சாப்பிட்டுப் பாரு. சூரை மீன்ல இப்படி ஒண்ணு பண்ணலாம்னு நமக்குத் தெரியாமப் போச்சே" என்று என் கணவரிடம் சொன்னார். என் கணவரும் எடுத்தார். மகள் மட்டும் எடுக்கவில்லை. அவளுக்கு அக்கா தட்டில் சோற்றைப் போட்டு, நண்டை உடைத்துச் சதையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நேற்று அவளே வெண்ணெய் தடவியது. அதைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். பெரியம்மா முன்னால் அதைச் சொன்னால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

அவள் சாப்பிட்டு முடித்ததும் டின்னை அக்கா பக்கம் நகர்த்தினேன்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க அக்கா. காரமில்லாததும் இருக்கு, முட்டை வச்சது."

அவர் மறுக்க முடியாமல் ஒன்றை எடுத்தார். வாழையிலையைப் பிரித்தார். வெள்ளையாக, ஓரமில்லாமல், சதுரமாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். வாயருகே கொண்டுபோகவில்லை. பிறகு இலையை மறுபடி மூடி, தார்ப்பாயில் வைத்தார்.

"எனக்குப் பாண் எறங்காது. தப்பா நெனச்சுக்காதீங்க."

பிரெட்டை அவர் பாண் என்றுதான் சொல்வார். அவருடைய தாய் தகப்பன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அங்கே பிறந்து வளர்ந்தாலும் வீட்டுப் பேச்சு அப்படியே அவரிடம் தங்கிவிட்டது. அது எனக்குத் தெரியும். தெரியாதது வேறு.

"மெத்துன்னுதான் இருக்கு அக்கா. நேத்து சாயங்காலம் போட்டது" என்று நான் மறுபடியும் வற்புறுத்தினேன். விருந்து வைக்கிறவள் வற்புறுத்த வேண்டும் என்று ஒரு பழக்கம்.

"அதுக்கில்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. "போர்ட் பிளேர் ஆஸ்பத்திரில அவளுக்கு வேற எதுவும் எறங்கல. காலையிலயும் பாண், ராத்திரியும் பாண். ஓரத்தப் பிச்சுப் போட்டுட்டு, நடுவுல இருக்கிறத மட்டும் பால்ல நனைச்சு நான்தான் ஊட்டுவேன். கடைசியா வாயில வாங்கினதும் அதுதான். அதுக்கப்புறம் எங்க வீட்டுல பாண் வாங்குறதில்ல."

அக்காவின் வீட்டுக்காரர் கையில் பாதி தின்ற சாண்ட்விச் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவரும்தான் இருந்திருக்கிறார். நேற்று பஜாரில் போய் அந்த பிரெட்டை வாங்கி வந்ததும் அவர்தான்.

"எனக்குத் தெரியாது அக்கா" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லி, அவர் என் கையைத் தொட்டார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தட்டையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு கழுவுவதற்காகத் தண்ணீர் ஓரத்துக்குப் போனார். மகள் பின்னாலேயே ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்பது மாதிரி ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அவர்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். நான் வருவதை மகள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் இந்திக்கு மாறினாள்.

எனக்கு இந்தி வராது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என்னிடமிருந்து மறைக்க வேண்டியதை அப்பாவும் மகளும் இந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் தானாக வருகிற பாஷை. ஆனால் அரை வருஷமாக நான் பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாவோடும் காய்கறிக்காரர்களோடும் காலம் தள்ளியிருக்கிறேன். பேசத்தான் வராது. கேட்டால் புரியும்.

"பெரியம்மா, முஜே வாபஸ் லே சலோ" என்றாள். என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டு போ.

அக்கா சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "உன்கோ புரா லகேகா" என்றார். அவங்க மனசு கஷ்டப்படும். அவர் 'அவங்க' என்றது என்னைத்தான்.

மகள் அதற்கு ஒரு பதில் சொன்னாள். இங்கே எனக்குத் தூக்கமே வரமாட்டேன் என்கிறது, பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை, நான் யாரிடமும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே, ஆனால் கூட்டிக்கொண்டு போ. இவ்வளவையும் அவள் அழாமல் சொன்னாள். நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர்களை அலசினேன். எதுவும் புரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மகள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வேனுக்கு ஓடினோம். பிஸ்கட் டின் பாதிக்கு மேல் நிரம்பியே இருந்தது. தெலுங்குக் குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிட்டது, கறி வேகவில்லை. பிள்ளைகள் தார்ப்பாய்க்கடியில் ஒடுங்கிக்கொண்டு பசியில் கத்திக்கொண்டிருந்தன. நான் டின்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்தேன். பிள்ளைகள் பாய்ந்தன. அந்த வீட்டுப் பெண்மணி ஒன்றைத் தின்றுவிட்டு, "பஹுத் அச்சா, தீதி" என்றாள், ரொம்ப நன்றாக இருக்கிறது அக்கா என்று. "இதுல என்ன போட்டீங்க?" என்று இந்தியிலும் சைகையிலுமாகக் கேட்டாள். தேங்காய், கொத்தமல்லி என்று நானும் சைகையில் சொன்னேன். மழையில் நனைந்துகொண்டே, முன்பின் தெரியாத அவளுக்கு, தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும் என்று கையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். நான் செய்ததைக் கடைசிவரை ஆசையாகத் தின்றது அன்றைக்கு அந்தப் பிள்ளைகள்தான்.

மறுநாள் சாயங்காலம் கணவர் ஆபீசிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"பிரெட் விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்கு ஞாபகமே வரல" என்றார். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வரவில்லை என்று அவர் முகம் சொன்னது. "அக்கா சொன்னப்பதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. நான் டாக்டர் பின்னாடியும் மருந்து பின்னாடியும் ஓடிட்டு இருந்தேன். அவ என்ன சாப்பிட்டான்னு..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

இறந்தவளோடு எனக்கு அதுவரை ஒருவிதமான போட்டி இருந்தது என்று இப்போது நினைத்தால் தெரிகிறது. அந்த நிமிஷத்தில் அது போய்விட்டது. அவள் கடைசியில் என்ன சாப்பிட்டாள் என்பதைக்கூட இந்த மனிதர் வைத்துக்கொள்ளவில்லை. அவளைப் பற்றிய எல்லாவற்றையும் அக்காதான் வைத்திருக்கிறார். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் என்னைப் பற்றி யார் எதை வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அண்ணன் வீட்டில் என் அறையில் இப்போது யார் படுத்திருப்பார்கள் என்றும் நினைத்தேன்.

"புள்ளைய அக்கா வீட்டுக்கே அனுப்பிடுங்க" என்றேன்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன பேசுற?"

"அங்கயும் ஸ்கூல் இருக்கு. அவளுக்கு அங்கதான் பழக்கம்."

"அவ ஏதாச்சும் கேட்டாளா?"

யாரிடமும் சொல்லாதே என்று அவள் பெரியம்மாவிடம் சொன்னது என் காதில் இருந்தது. "இல்ல, எனக்காத் தோணுது" என்றேன்.

"ஊர் என்ன பேசும் தெரியுமா? சித்தி வந்து அரை வருஷத்துல புள்ளைய வெரட்டிட்டாள்னுதான் பேசும்."

"பேசட்டும்."

அவர் ஒத்துக்கொள்ளப் பல வாரங்கள் ஆயின. வருஷப் பரீட்சை முடிந்ததும் நாங்கள் இருவரும் அவளை எரட்டாவுக்கு அழைத்துக்கொண்டு போனோம். அவள் துணிமணிகளை நான்தான் மடித்து வைத்தேன். சந்தோஷத்தை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள். போட்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவுக்குக் கையாட்டினாள். பிறகு எனக்கும் ஆட்டினாள். போட் அலையாத்திக் காட்டு ஓரமாகத் திரும்பி மறைகிறவரை அவர் அங்கேயே நின்றார்.

ஊர் பேசத்தான் செய்தது. ரேஷன் கடையில் ஒரு பெண்மணி என் முகத்துக்கு நேரேயே, "இப்ப வீடு ஃப்ரீயா இருக்குமே" என்றாள். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாகூடக் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. இரண்டு வருஷம் கழித்து, எதற்கோ தொடங்கிய ஒரு சண்டையில் என் கணவரே, "என் புள்ளைய நீதான் அனுப்பின" என்றார். அன்றைக்குக் கடற்கரையில் காதில் விழுந்ததைச் சொல்லியிருந்தால் அவர் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால், மகள் தன்னைவிட்டுப் போக ஆசைப்பட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அது தெரிவதைவிட நான் அனுப்பினேன் என்று இருப்பது அவருக்கு நல்லது என்று அப்போது தோன்றியது. இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த வார்த்தை அதன் பிறகு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் மறுபடி சொல்லவில்லை. சொல்லாமலே அது எங்களோடு சாப்பிட உட்கார்ந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒருமுறை தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போது லாங் ஐலண்டிலிருந்து அக்கா வந்து பத்துப் பதினைந்து நாள் என்னோடு இருந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தார், தலை துவட்டிவிட்டார். ஒருநாள் மத்தியானம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "அன்னிக்குப் பீச்சுல அவ பேசினது ஒங்களுக்குப் புரிஞ்சுது, இல்ல?" என்று கேட்டார்.

"ஆமா அக்கா."

"நெனச்சேன்" என்றார். பூண்டை உரித்து முடித்துக்கொண்டு எழுந்து போனார். அவரும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மகள் இப்போது போர்ட் பிளேரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு லாங் ஐலண்ட் போகிற வழியில் ரங்கத்தில் இறங்கி, ஒரு நாள் எங்களோடு தங்கிவிட்டுப் போவாள். என்னிடம் நன்றாகவே பேசுவாள். ஆஸ்பத்திரி வார்டில் நடக்கிறதையெல்லாம் சொல்லுவாள். போன தடவை வந்தபோது, அப்பா வெளியே போயிருந்த நேரத்தில், காயப்போட்ட துணிகளை என்னோடு மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கேட்டாள்.

"என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நீங்கதானா? அப்பா சொன்னாங்க."

அவர் எப்போது சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

"நான்தான்" என்றேன்.

அவள் கையில் இருந்த துண்டை மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள். நான் காத்திருந்தேன். ஏன் என்று கேட்பாள், கேட்டால் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ சொன்னது எனக்குப் புரிந்தது, அதனால்தான் என்று. அவள் கேட்கவில்லை. பதினோரு வயதில் தண்ணீர் ஓரத்தில் சொன்னது அவளுக்கே மறந்து போயிருக்கலாம். அதை மறந்துவிட்ட ஒருத்திக்கு, நான் அனுப்பினேன் என்பது மட்டும்தான் மிச்சமாக இருக்கும்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு" என்றாள். ஜெட்டிக்குப் போகிற பஸ்ஸைச் சொன்னாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் குடையை விரிக்கவில்லை. மடித்த துணிகளை நான் அலமாரியில் வைத்தேன். அவர் வந்ததும், கிளம்பிப் போயாச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.